இரண்டு டின்கள்

செட்சே கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில்
தகரக் கூரை, ஒன்பது தொட்டி,
நினைத்தபோது வந்து நினைத்தபோது போகும் மின்சாரம்.
எனக்கு எப்போதும் ராத்திரி ஷிஃப்ட்.

அலமாரியில் இரண்டு டின்.
இரண்டிலும் பழுப்புத் தூள்.
இரண்டுக்கும் ஒரே கருவாட்டு வாடை.
முதல் வாரம் மாற்றி எடுத்துவிட்டேன்.
ஊ சான் மியின் திட்டவில்லை,
விலையை மட்டும் சொன்னார்.

ஒன்றிலிருந்து ஒரு கரண்டி அள்ளி
உப்புத் தண்ணீரில் போட்டு
காற்றுக் குழாயைத் திறந்து
மேலே ஒரு பல்பை எரியவிட்டால்
மறுநாள் சாயங்காலம் தூள் எழுந்துவிடும்.
எந்த நாட்டு உப்பேரியின் முட்டையோ,
எத்தனை வருஷம் காய்ந்து கிடந்ததோ,
செம்மஞ்சள் மூட்டமாய் வெளிச்சத்தை நோக்கி நீந்தும்.

மற்றதை எத்தனை நாள் ஊறப்போட்டாலும்
மாவு மாவுதான்.

கொடுவாக் குஞ்சுக்கு இது தெரியும்.
கண்ணிமை முடி அளவு உடம்பு, அதில் பாதி கண்.
அசைந்தால் இரை,
அசையாவிட்டால் அழுக்கு.
அதற்கு வேறு படிப்பில்லை.
சாப்பிட்டாயா என்று கேட்கவும் வேண்டாம்,
தோலுக்குள்ளே செம்மஞ்சளாய் எரியும் வயிறு.

இருபத்தொன்றாம் நாள் ஊ சான் மியின் வந்தார்:
"நாளையிலிருந்து மாவு."
உயிருள்ள டின் ஒன்று
என் இரண்டு மாதச் சம்பளம்.

தூவினேன். அமிழ்ந்தது.
ஒன்றே ஒன்று திரும்பிப் பார்த்து
வாயில் வாங்கி
துப்பியது.
யாரும் இல்லாத நேரம் நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
துப்பியது நியாயம்தான்.

பகல் ஷிஃப்ட் மீ கோன் சான், மோன் பெண்.
அவர்கள் ஊரில் பெண் பெயருக்கு முன்னால் மீ வரும்,
நான் 'ன்' சேர்த்து மீன் என்றே கூப்பிடுவேன்.
அவள் சொல்லிக் கொடுத்தாள்:
முதலில் உயிருள்ளது ஒரு கைப்பிடி.
வாய்கள் திறந்து திறந்து மூடுகிற சூட்டோடு
குமிழி எழும் இடத்தில் ஒரு சிட்டிகை மாவு.
"பொய்யைப் பொடிப்பொடியாகச் சொல்லு."

மூன்றாம் ராத்திரி மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமியது, டீசல் இல்லை.
குமிழி நின்றது. தண்ணீர் நின்றது.
மாவு நின்ற இடத்திலேயே நின்றது.
சட்டைக் கையைச் சுருட்டி
முழங்கை வரை நான்காம் தொட்டிக்குள் விட்டுச் சுழற்றினேன்.
இரண்டு மணியிலிருந்து
நாலேகால் வரை.
இடக்கையால் தூவி வலக்கையால் சுற்றி,
பிறகு கை மாற்றி,
பிறகு எந்தக் கை என்றே தெரியாமல்.
விரல்கள் ஊறிச் சுருங்கின.
மற்ற எட்டுத் தொட்டியையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

மணிக்கட்டில் ஏதோ இடித்தது.
மறுபடி.
போன் வெளிச்சத்தில் பார்த்தால்
சாம்பல் நிற வயிறுகள்.
தின்றிருக்கின்றன.

தின்னாதவை வேறு வழி கண்டுபிடித்தன.
காலையில் சல்லடையால் பிரிக்கும்போது
ஒன்றின் வாய்க்கு வெளியே இன்னொன்றின் வால்.
இரண்டும் செத்திருந்தன.
பெரியவை, நடுத்தரம், சின்னவை என்று மூன்று பேசின்.
பெரியவை என்றால்
என் கட்டைவிரல் நகம்.

பதிவேட்டில் பர்மியில் எழுதினேன்:
ககதிட், தொட்டி நான்கு, மாவு ஏற்றது.
தொட்டி இரண்டு, ஏழு: பூஜ்ஜியம்.
கீழே கையெழுத்து, கின் வே.
வீட்டில் அது கொடுவா, நான் கோமளவல்லி.

டின் காலி.
கழுவுமுன் பார்த்தேன், அடி விளிம்பின் மடிப்பில்
கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது.
உப்புத் தண்ணீர் ஊற்றி
ஜன்னலில் வைத்துவிட்டுப் போனேன்.
மறுநாள் ராத்திரி எண்ணினால்
பதினொன்று, யாருக்கும் தேவைப்படாத பதினொன்று,
வெளிச்சம் எங்கே என்று தேடிக்கொண்டு.

நான்காம் தொட்டி இப்போது என் நிழல் விழுந்தாலே
மேலே வந்து வாய் திறக்கும்.
இத்தனை நாள் மாவு தின்றதில்
மறந்திருக்கும் என்று நினைத்தேன்.
ஊற்றினேன்.

ஒரு நொடி.

தண்ணீர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.