ஏற்றுமதி

மாத முடிவோடு கடையை மூடுவதாக
இஸ்ஸதீன் நானா செவ்வாய்க்கிழமை சொன்னார்.
"ஒங்கட சாமான எல்லாம் எடுத்துக்கொண்டு போங்க மகள்."

என் சாமான்:
ஒரு குடை, ஒரு சோற்றுப் பெட்டி,
கதிரையில் போட்ட பழைய தலையணை,
கொம்பியூட்டருக்குள் பதினொரு கடவுச்சொற்கள்.

ஆறு வருடமும் நானாவின் கணக்கில்தான்
உலாவியைத் திறந்தேன்.
லயத்து வீட்டுக்கே உறுதி இல்லாதவள்
உலாவிக்கா உறுதி கேட்பேன்?

நேற்றுத்தான் என் பெயரில் ஒரு கணக்கு.
அமைப்புகள், கடவுச்சொற்கள், மூன்று புள்ளி.
ஏற்றுமதி செய் என்றது.
ஹட்டனில் அந்தச் சொல்லை நான்
லொறியில் ஏறும் பெட்டிகளின் மேல்தான் பார்த்திருக்கிறேன்.
'இந்தக் கோப்பைத் திறக்கும் எவரும்
உங்கள் கடவுச்சொற்களைப் பார்க்கலாம்.'
கோப்பா, கோப்பையா
என்று ஒரு கணம் தடுமாறி
சரி என்று அழுத்தினேன்.

பதினொன்றைத் தேடித் திறந்தால்
முந்நூற்றுப் பன்னிரண்டு வரி.

அஸ்வெசும படிவத்துக்கு வந்தவர்கள்.
பரீட்சை முடிவு பார்க்க வந்து
பார்க்காமலே வெளியே போய் நின்ற பிள்ளைகள்.
ஏஜென்சிக்கு மின்னஞ்சல் வேண்டுமென்று
கடவுச்சீட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி வந்த பெண்கள்.
ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னப் பெட்டி கேட்கும்:
சேமிக்கவா?
மறந்துவிட்டு மறுபடி மழையில் நனைந்து வருவார்களே என்று
ஆம் என்பேன்.
அதை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

இந்தக் கோப்பில் கறுப்புப் புள்ளிகள் இல்லை.
சொற்கள் சட்டையில்லாமல் நிற்கின்றன.
நாற்பதாம் வரி, ஒருவருடைய செக்ரோல் இலக்கம்.
அடுத்த வரி, அதே இலக்கம், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி
(குறியீடு வேண்டும் என்று பக்கம் அடம்பிடித்திருக்கும்).
ஒருவர் தன் கடன் தொகையைச் சதம் பிசகாமல் வைத்திருக்கிறார்.
இன்னொருவர் தன் கட்சியை,
தேர்தலுக்குப் பிறகு மற்றக் கட்சியை.

ஐம்பத்தேழாம் வரியில் என் பெயர்.
அறுபதிலும்.
அறுபத்துமூன்றிலும்.
ஜெயரூபி ஒன்று இரண்டு மூன்று.
விரல் வைத்து எண்ணினேன், எழுபத்தாறு.

"பாஸ்வேர்ட் என்ன வைக்க?" என்று கேட்பேன்.
"நீங்களே ஒண்ணு போடுங்க மிஸ்."
பின்னால் வரிசை நிற்கும்.
கரண்ட் போகுமுன் முடிக்க வேண்டும்.
விரலுக்கு வந்தது அதுதான்.
எழுபத்தாறு கதவுக்கு
நானே பூட்டு, நானே திறப்பு,
இத்தனை நாள் எனக்கே தெரியாமல்.

கடன் கொப்பியில் இருந்த தொலைபேசி இலக்கங்களை
மூன்று மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழைத்தேன்.
சாமிமலை அருளாண்டி சிரித்தார்:
"பாஸ்வேர்டா? அது கடையிலதானே இருக்கு?"
ஒன்பது இலக்கங்கள் பாவனையில் இல்லை.
ஒருவர் இறந்துபோயிருந்தார்.
அவர் மகள் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்,
எதற்கென்று நான் கேட்கவில்லை.

நேற்று ஏழரைக்குக் குவைத்திலிருந்து புஷ்பகாந்தி எடுத்தாள்.
குளியலறையிலிருந்து பேசுகிற குரல்.
மாற்றிக்கொள், இது எல்லோருக்கும் தெரிகிற பெயர் என்றேன்.
"வேணாம் மிஸ்.
மேடம் போன வாங்கி வச்சிருவாங்க.
வேற யாரு போன்லயாவது நொழையணும்னா
எனக்கு மனசுல நிக்கிறது ஒங்க பேரு மட்டுந்தான்."
தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.
அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

என் பதினொன்றையும் புதிய கணக்கில் இறக்கினேன்.
நானாவின் கணக்கிலிருந்து எல்லாவற்றையும் அழித்தேன்,
கோப்பையும்,
குப்பைத் தொட்டியில் கிடந்த கோப்பையும்.
புதிய கணக்கு வலுவான சொல்லொன்று தரவா என்றது:
பதினைந்து எழுத்து, வாய்க்குள் நுழையாதது.
சேமிக்கவா என்றும் கேட்டது.

எட்டு மணிக்கு நோர்வூட் பஸ்.
டிக்கோயா தாண்டி மழை பிடித்தபோதுதான்
குடையைக் கடையிலேயே விட்டு வந்தது
நினைவுக்கு வந்தது.