நீடாமங்கலம் கேட்டில்

கேட் போட்டாச்சு.
எனக்கு முன்னால் தார்ப்பாய் போர்த்திய வைக்கோல் லாரி,
அதற்கு முன்னால் தஞ்சாவூர் பஸ்,
அதற்கும் முன்னால் என்ன நிற்கிறதோ,
எனக்குத் தெரிவதெல்லாம் வைக்கோல்.

ஐப்பசித் தூறல். பின்சீட்டில் பெனிட்டா
கண்ணாடியில் ஆவி ஊதி மீன் வரைகிறாள்.
துடைக்கிறாள். மறுபடி மீன்.
அவள் மடியில் எலுமிச்சம்பழம்,
கொரடாச்சேரி வளைவுக்காகக் கொடுத்தது;
இன்றைக்கும் பலிக்கவில்லை.
மிதியடியைக் கழுவி டிக்கியில் போட்டிருக்கிறேன்.

இன்னும் நாற்பது வருஷம் கழித்து
ஸ்டியரிங் இல்லாத எதிலோ
காலை நீட்டிப் படுத்துக்கொண்டு இந்த வழியே போவாள்.
கேட் இருக்காது. பாலம் வந்திருக்கும்,
வரும் வரும் என்றுதான் நானும் கேட்டு வளர்ந்தேன்.
பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வாள்:
எங்களிடம் ஒரு வேகன்ஆர் இருந்தது,
டிஎன் ஐம்பது, சாம்பல் கலர்.

வெள்ளை, பெனிட்டா.
கழுவ நேரமில்லை, அவ்வளவுதான்.

ரிவர்ஸ் எடுத்தால் கீகீ என்று கத்தும் என்பாள்.
மேப்பில் ஒரு பொம்பளை
வலங்கைமானை வேலன்காய்மேன் என்று கூப்பிடுவாள்,
நான் பின்னாலிருந்து திருத்துவேன்,
கடைசிவரை அவள் கற்றுக்கொள்ளவே இல்லை என்பாள்.
அந்தத் தப்பான குரலை
எங்காவது காசு கட்டிக் கேட்கக்கூடச் செய்வாள்.

எனக்கு ஏங்க ஒரு கார் இல்லை.
எங்கள் தெருவுக்குக் கார் வந்தது
கல்யாணத்துக்கு, அல்லது இடுப்பு வலிக்கு.
போன பின்பு டயர் தடத்தில் தண்ணீர் தேங்கும்,
காக்கை குளிக்கும்.
ஒரு தடவை கதவைத் தொட்டுப் பார்த்தேன்.
சுட்டது.

முப்பத்தெட்டு வயதில் எட்டுப் போட்டு
லைசென்ஸ் வாங்கினேன்.
அறுபது தவணை, இருபத்திரண்டு முடிந்திருக்கிறது.
மாதம் ஏழாம் தேதி
லேபில் யாருக்காவது ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது
போன் துடிக்கும், பணம் போய்விட்டது என்று.
வண்டிக்கு இவ்வளவு, வட்டிக்கு இவ்வளவு,
பிற்பாடு இவள் ஏங்குவதற்கு இவ்வளவு என்று
பிரித்துக் காட்டமாட்டார்கள்.

அதுவும் நிச்சயமில்லை.
நான் கட்டுவது ஒன்றாக இருக்கும்,
அவளுக்குத் தங்குவது
சீட்டுக்கடியில் உருண்டுபோய்
மூன்று நாள் நாறிய நெல்லிக்காயாக இருக்கும்.
அவள் பிள்ளைகள் சண்டைக்கு வரலாம்:
எரித்தீர்களே, எரித்துக்கொண்டே திரிந்தீர்களே,
கடல் திருத்துறைப்பூண்டி வரைக்கும் ஏறிவிட்டதே என்று.
பதில் இருக்காது அவளிடம்.
தலையைக் குனிந்துகொள்வாள்,
குனிந்தபடியே
பெட்ரோல் பங்கில் கண்ணாடியை இறக்கி
மூக்கை நீட்டியதை நினைத்துக்கொள்வாள்.

கூட்ஸ் வருகிறது.
எண்ணுகிறாள்: முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று.
எனக்கு நாற்பத்திரண்டு வந்தது. சொல்லவில்லை.

கேட் தூக்குவதற்கு முன்பே
எல்லா வண்டியும் சேர்ந்து ஹாரன் அடிக்கிறது.
கிளட்சை விட்டதும் உள்ளே பீப் பீப்:
முன்சீட்டு அரிசி மூட்டையை
ஆள் என்று நினைத்துக்கொள்கிறது கார்.

"மூட்டை மாமாவுக்கு பெல்ட் போடும்மா."

போட்டுவிடுகிறேன். அமைதியாகிறது.
லாரி நகர்ந்துவிட்டது.
அது உதிர்த்த ஈர வைக்கோல் ஒன்று
வைப்பரில் சிக்கிக்கொண்டு
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
அம்மாப்பேட்டை வரைக்கும்.