கால் சுற்று

இரும்பும் ஒரே இடத்தில் கிடந்தால் நோகும்.
அச்சும் பித்தளையும் தொடுகிற இடத்தில்
எண்ணெய் பிதுங்கி வெளியேறி
துரு மெல்லக் கடிக்கத் தொடங்கும்.
படுத்த படுக்கையானவருக்கு முதுகில் புண் வருமே, அது மாதிரி
என்பார் யூ கெங். அவர் மனைவி நர்ஸ்.

அதனால் வாரம் ஒரு கால் சுற்று.
செந்தூல் கொட்டகையில் சனிக்கிழமை காலை
ஏழு பேர், இரண்டு கடப்பாரை.
ஆப்பைத் தட்டி எடுத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி,
சத்து, டுவா, தீகா...
இருபத்தைந்து டன்
இரண்டடி நகரும்.
நான்கு வாரம் முன்னால், நான்கு வாரம் பின்னால்.
இந்த மூன்றாம் வகுப்புப் பெட்டி
ஒன்பது வருடமாகப் பயணம் போவது இப்படித்தான்.
டிக்கெட் இல்லாமல் ஒரு பூனை.

மற்ற நேரமெல்லாம் சுரண்டல்.
பச்சைக்கு அடியில் காவி, காவிக்கு அடியில்
யாரும் பெயர் ஒத்துக்கொள்ளாத ஒரு நிறம்,
அதற்கும் அடியில் தேக்கு.
நான் பல் கிளினிக்கில் உதவியாளர்.
கழித்துப்போட்ட சுரண்டிகளை டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்தேன்.
திருகாணித் தலையின் பிளவில் அடைந்த பெயிண்டுக்கு
அதைவிடத் தோதான ஆயுதம் கிடையாது.
ஒருநாள் பழக்கதோஷத்தில்
"நல்லா வாயைத் திறங்க" என்றேன் ஜன்னலிடம்.
தவமலர் சிரித்த சிரிப்பில்
கிரீஸ் டப்பா கவிழ்ந்தது.

பிறகு ஊர் பூட்டிக்கொண்டது.
நான் காஜாங்கில். சாலையில் தடுப்பு, போலீஸ்.
முதல் வாரம் கவலைப்பட்டேன்.
மூன்றாம் வாரம்,
எத்தனை டன், எத்தனை நாள் என்று
மளிகைச் சீட்டின் பின்னால் கணக்குப் போட்டேன்.
ஆறாம் வாரம் பெட்டி ஞாபகமே இல்லை.
அரைச் சம்பளம், மாமாவின் மூச்சுத் திணறல்,
முட்டை கிடைக்கிற கடை எது.

ஜூனில் போனபோது
கொட்டகைக்கு வெளியே
ஒரு பெட்டியின் முகம் நீட்டிக்கொண்டிருந்தது.

காவலாளி டில் பகதூர்.
நேப்பாளத்தில் அவர் மாவட்டத்தில் தண்டவாளமே கிடையாது.
சனிக்கிழமைகளில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்,
நாங்கள் ஒரு கோப்பி ஓ நீட்டுவோம், அவ்வளவுதான்.
இப்போது சக்கரத்தின் விளிம்பில்
அவர் நாட்டு எண்களில் சுண்ணக்கட்டி எழுத்து,
காலுக்கு மூன்றாகப் பன்னிரண்டு.
பன்னிரண்டு வாரம், ஒற்றை ஆள், ஒற்றைக் கடப்பாரை.
மூன்று முழுச் சுற்று.

எல்லாம் முன்னோக்கி.
திருப்பித் தள்ள வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.
தண்டவாளம் இருந்தது, கூரைதான் முடிந்துபோனது.
நாலடிப் பெட்டி வானத்தின் கீழே,
தினம் நாலு மணி மழையில்.
மூன்று மாதம் நான் இழைத்து வார்னிஷ் பூசிய முன்கதவு
கொப்புளம் கொப்புளமாக உப்பி,
பித்தளைக் கைப்பிடி பாசிப்பச்சையாகி.

கோபம் வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ருஸ்லான் அச்சுப்பெட்டியைத் திறந்து
விரல் விட்டுத் துழாவி
வெளியே எடுத்துக் காட்டினார்.
எண்ணெய். வெறும் எண்ணெய்.
துருவின் ஒரு துணுக்கு இல்லை.

"ஏன் பின்னால் தள்ளவில்லை?" என்று கேட்டேன்.
டில் பகதூர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.
பாதி மலாய், பாதி கை:
"ரயில் முன்னாலதானே போகும்?"

கடப்பாரை எடுத்தவர்கள்
மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை நாலு தகடு வாங்கிக்
கூரையைத்தான் நீட்டினோம்.
ஏணியை அவர் பிடித்துக்கொண்டார்.
நான் கதவின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.
உப்பிய வார்னிஷ் நகம் பட்டாலே உரிகிறது,
பல் சுரண்டிக்கு வேலையே இல்லை.