மூடிமேல் நாற்காலி

மர்ஃபி டவுன், மூன்றாம் குறுக்குத் தெரு.
மேன்ஹோல் பொங்கிய பிப்ரவரி நாளில்
இறங்குவதற்கு ஆள் என்று
மேஸ்திரி கூட்டி வந்தது என்னைத்தான்.
ஐநூறு ரூபாய், ஒரு குவார்ட்டர்,
முடிந்ததும் குளிக்க ஒரு ஷாம்பூ பாக்கெட்.
சட்டையைக் கழற்றி
டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் மாட்டியிருந்தேன்.

கார்ப்பரேட்டர் நடந்தே வந்தார்.
செலஸ்டின் அமலநாதன்.
பத்தொன்பது வருஷம் விமானப்படையில்
ஹெலிகாப்டர் ஓட்டியவர்.
போஸ்டரில் சீருடைப் படம் கிடையாது.
அதனால்தான் வெறும் முப்பது ஓட்டில் ஜெயித்தார் என்று
அவருக்கு வேலை செய்த பையன்களே சொல்வார்கள்.
பாக்கெட்டில் எப்போதும் ஒரு நீல அட்டை நோட்டு:
எந்தத் தெருவிளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது,
எந்த வால்வு எத்தனை சுற்றில் திறந்தது,
கோடு போட்டு, கட்டம் கட்டி.
லாக் புக் என்பார்.
கூட்டத்தில் அதைப் பிரித்தால்
இன்ஜினியர்கள் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள்.

மூடி திறந்தாயிற்று.
என் இடுப்பில் கயிறு.
மறுமுனை மேஸ்திரியின் ஒரு கையில்,
இன்னொரு கையில் பீடி.
அவர் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.
"யார் போட்டது?"
"நான்தான் சார். கெட்டிக் கயிறு. ஒண்ணும் ஆகாது."
"கயிறு எனக்குத் தெரியும்," என்றார்.
அவ்வளவுதான்.
பிறகு அவரே குனிந்து அவிழ்த்தார்.
விரல் நடுங்கியது
என் வயிற்றுக்கு மட்டும் தெரிந்தது.

அஸ்ஸாம் வெள்ளம், மரத்தில் சிக்கிய கம்பி,
அறுத்துவிட ஒரு பொத்தான் என்று
அவர் டிரைவர் பின்னால் ஒருநாள் பாதி சொன்னான்.
மீதியை நான் கேட்கவில்லை.

மூடியை இழுத்துப் போட்டு
எதிர் இட்லிக் கடையின்
கால் விண்ட பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி
அதன்மேல் உட்கார்ந்தார்.
பீன்யாவிலிருந்து மெஷின் வரும்வரை எழ மாட்டாராம்.

மெஷின் வர ஐந்தேகால் மணி நேரம்.
அதுவரை தெரு நாறியது.
மாடி வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
கன்னடத்தில் திட்டினாள், பிறகு தமிழிலும்:
"இறங்கறவனே இறங்கறேங்கறான், இவருக்கு என்ன வந்தது?"
வாஸ்தவம். நான் இறங்கறேன் என்றுதான் சொன்னேன்.
ஐநூறு போச்சே என்ற எரிச்சலில்
மனசுக்குள் நானும் திட்டினேன்.
இதைச் சொல்லாமல் விட்டால்
மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மதியம், எலகங்கா கண்காட்சிக்கு ஒத்திகை.
நாலு ஜெட் விமானங்கள்
தண்ணீர்த் தொட்டிகளைச் சீவிக்கொண்டு போயின.
தெரு முழுக்க, மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு,
அண்ணாந்து பார்த்தது.
அவர் காது மட்டும் கொடுத்தார்.
"மூணாவது ஆள் லேட்," என்றார்.
பிறகு காலடியைப் பார்த்தார்.
மூடியின் துளைகளில்
குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

அடுத்த தேர்தலில்
இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.
மூன்றாம் குறுக்குத் தெரு பூத்தில் மட்டும்
நூற்றெண்பது குறைவு.
என் ஓட்டு?
பட்டியலில் என் பேரே இல்லை.
சேர்க்கச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த படிவம்
ஏதோ ஒரு மேஜையில்
இன்னும் வரிசையில் நிற்கிறது.

போன மாதம் வார்டு ஆபீசுக்கு வெள்ளையடிக்கப் போனேன்.
ஆட்டம் கண்ட பீரோவின் காலுக்கு அடியில்
நீல அட்டை நோட்டுகள் மூன்று.
எல்லாம் இங்கிலீஷ்.
பில் கலெக்டர் ருக்மாங்கதன்
புரட்டிப் புரட்டித் தமிழில் சொன்னான்.

பிப்ரவரி பத்து. மூன்றாம் குறுக்கு.
11.20 முதல் 16.35 வரை.
ஆள்: ஒருவர்.
இறங்கவில்லை.
கூலி: ஐநூறு, கொடுத்தாயிற்று.

உண்மைதான், கொடுத்தார்.
ஷாம்பூ பாக்கெட்டை மட்டும்
மேஸ்திரி திருப்பி வாங்கிக்கொண்டார்.