கடைசி அசையில் கோடு

தமிழில் எல்லா அசைக்கும் ஒரே கூலி.
இத்தாலியில் ஓர் அசை மட்டும்
மூட்டை தூக்கும்,
மற்றவை கைவீசி நடக்கும்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மிஷின்
ராத்திரி இரண்டு மணிக்கு ஓய்ந்ததும்
மொட்டைமாடியில் கைதட்டிப் பிரிக்கிறேன்:
பார். ல. னோ.
பேசுகிறார்கள். சுமை முதலில்.
என் வாயோ ஒவ்வொரு தடவையும்
நடுவில் இறக்கி வைக்கிறது,
பர்லானோ பர்லானோ என்று
திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவுக்கு
ஆள் கூப்பிடுகிற மாதிரி.

மீன் பிடிக்கிற சொல்லில் வேறு தகராறு.
பேஸ் என்று வெட்டி கோ என்று வைத்தேன்.
புத்தகம் ஒப்பவில்லை:
பே. ஸ்கோ.
ஸ் பின்னால் வருகிறவனோடுதான் போகுமாம்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்
இஸ்கேன் எங்க எடுக்கணும் என்று
பத்து வருஷமாய் வழி சொன்னவள் நான்.
முன்னால் ஒரு இ இல்லாமல்
எனக்கு எப்படி வரும்?

தனசீலன் பீடியை நசுக்கிவிட்டுக் கேட்டான்:
'நான் மீன் புடிக்கிறேன். அத்த எப்படி சொல்லுவ?'
தூக்கக் கலக்கம்.
பெஸ்கோ என்றேன், கடைசியில் அழுத்தி.
உடனே திருத்தினேன்.
அது நான் இல்லை.
கோவின் தலையில் சாய்ந்த கோடு விழுந்தால்
அவன் பிடித்தான் என்று அர்த்தம்,
முடிந்துபோன காலம்.

'எவன்?'

ஏஜென்ட்டுக்குக் கட்ட
போட்டில் இருந்த பங்கை விற்று
மூன்று மாதம் ஆகிறது.

'இன்னொரு தபா சொல்லு.'
இரண்டையும் சொன்னேன், மெதுவாக.
'இதுல எதுக்கு மார்க்கு போடுவான்?'

கேள்வியில் எந்தக் காலம் கேட்டிருக்கிறானோ
அதுக்கு, என்றேன்.