நிரம்பிய பின்

ஹந்தானைச் சரிவில் மூன்று நாளாய் மழை.
ஆய்வுகூடத்து யன்னலை அடைத்துவிட்டோம்.
குளிர் ஏறினால் இழை முறுகும்,
முறுகினால் ஒளி கோணும்.

றிஸ்மின் கேகாலைக்குப் போய்வந்தபோது
கடதாசிப் பையில் ஒரு கரித்துண்டு கொண்டுவந்தான்.
போகலைச் சுரங்கத்துச் சரக்கு; மீன்செதில் மினுக்கம்.
ஒட்டுநாடாவை அதன்மேல் அழுத்தி உரித்தோம்.
உரித்ததை மடித்து மறுபடி உரித்தோம்.
மறுபடி.
கறுப்பு சாம்பலாகி, சாம்பல் புகையாகி,
நாடாவில் ஒன்றுமே இல்லைப் போலிருந்த இடத்தில்
இருந்தது
ஓரணுத் தடிப்பில் ஒரு விரிப்பு.
தன்மேல் விழும் ஒளியில்
நூற்றுக்கு இரண்டே காலுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும்.
எந்த நிறமானாலும் அதே வரி.

மூச்சை அடக்கியபடி
இழையின் கண்ணாடி முகத்தில் அதை ஒற்றினேன்.

பன்னிரண்டு மீற்றர் வளையம்.
எர்பியம் கலந்த துண்டு, ஒருவழிக் கதவு, மூன்று துடுப்புகள்.
பம்பைத் திறந்ததும் ஒளி ஓடத் தொடங்கியது.
கண்ணுக்குத் தெரியாத நிறம்;
அட்டையைப் பிடித்தால் மட்டும் பச்சையாய்க் கசியும்.
ஒழுங்கில்லை, அவசரமில்லை,
சந்தைக்கு வந்து விலை கேட்டுத் திரிவதுபோல்.

இங்கேதான் கிராஃபீனின் குணம்.
தனித்தனியே வருவதை விழுங்கும்.
கூட்டமாய் வந்தால்
எலெக்ட்ரோன் இருக்கைகள் நிரம்பிவிடும்,
மிச்சம் கடந்துபோகும்.
ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்தது தேயும், செறிந்தது தப்பும்.

குறிப்புக் கொப்பியில் இதற்குப் பக்கத்தில்
'அரைப்பேர்' என்று கிறுக்கியிருந்தேன்.
கொழுந்து குறைந்ததென்று வெட்டிய அரை நாளை
தனியாய்ப் போய்க் கேட்டாள் அம்மா.
'பாப்போம்' என்றார் கணக்கப்பிள்ளை.
அடுத்த மாதம் நூற்றிப்பத்துப் பேர்
கொழுந்துக் கூடையோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

கலாநிதி விதானகேயிடம் இதைச் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
'ஒளிக்குக் கோரிக்கை கிடையாது, மதனரூபி.'
சரிதான்.
இருந்தாலும் நான் அழிக்கவில்லை.

இரவு பதினொன்றரை.
திரையில் பருத்த துடிப்புகள் வந்தன, நடுங்கின, தடுமாறின;
புதுச் சாரதி பிரேக் மிதிக்கிற மாதிரி.
துடுப்பை ஒரு நூலளவு திருப்பினேன்.
அதுவும் போயிற்று.
பம்பைக் கூட்டலாம் என்றான் றிஸ்மின்.
கூட்டினால் கருகும் என்றேன்;
போன கிழமை ஒன்றைக் கருக்கியவள் நான்தான்.
அவன் பிளேன்டீ போடப் போனான்.

இரண்டாம் துடுப்பைத் தொட்டேனா,
சுவெற்றர் கை பட்டதா, தெரியாது.
திரையில் வேலிக்கம்புகள் எழுந்து நின்றன.
ஒரே உயரம். ஒரே இடைவெளி.
விநாடிக்கு ஒரு கோடியே எழுபது இலட்சம்.
'ஆடாதே' என்றேன்,
எனக்கா, இழைக்கா, மலைக்கா.

ஒன்பது நிமிடம் நின்றது.
நான் படம் பிடித்தது இரண்டு; ஒன்றில் என் நிழல்.
றிஸ்மின் இரண்டு கோப்பையோடு கதவைத் திறந்தபோது
கரன்ட் போனது.

காலை ஐந்தே முக்காலுக்குக் கலஹா பஸ்
மிதிபலகை வரை ஆளோடு வந்து
நிற்காமல் போனது.
நான் சிரித்ததைக்
குடைக்குள் நின்ற ஒருவர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

பெருவிரலில் இன்னும் சாம்பல் நிறம்.
பாவாடையில் தேய்த்தேன்.
மெலிந்ததே தவிர போகவில்லை.
எத்தனை அடுக்கோ.