நாற்பத்து நான்கு அங்குலம்

டயரைத்தான் முதலில் வாங்கினான் ஹால்வார்துர்.
மாட்டியதும் ஜீப்
கராஜ் கதவுக்குள் நுழைய மறுத்தது.

மட்கார்டை அறுத்தோம்.
பிரேக் போதவில்லை, அதையும் மாற்றினோம்.
பிறகு லாங்யோகுல் பனியாற்றில்
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது ஒரு சத்தம்,
கடைவாய்ப் பல் உடைந்தாற்போல,
என் வாய்க்குள்ளேயே.
முன் அச்சு.

ஓர் ஆசைக்கு இத்தனை சொந்தக்காரர்களா
என்றேன். அவன் சிரிக்கவில்லை.

செல்ஃபோஸில், காயலான் கடையில்,
கவிழ்ந்துபோன ஒரு மீட்பு வண்டியின் அச்சு கிடைத்தது.
தூக்க மூன்று பேர்,
திட்ட நான் ஒருத்தி.
ஸ்பிரிங் தாங்கிகளை வெல்டு வைத்து முடித்து
அளந்தால், இரண்டு டிகிரி பிசகு.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் கிரைண்டரை எடுத்தேன்.
ஜூன் மாதம், இரவு ஒரு மணி,
ஜன்னலில் பட்டப்பகல்.

பனி தொடங்கும் இடத்தில்
டயர்க் காற்றை இறக்கினோம்,
மூன்று பவுண்டு மட்டும் மிச்சம் வைத்து.
ரப்பர் வயிற்றைப் பரத்திக்கொண்டது.
நேற்றுப் பெய்த பனி
எங்களைக் கவனிக்கவே இல்லை.
இவ்வளவு இரும்பு சேர்த்தது
இப்படி எடையற்றுப் போகத்தானா?

இறங்கும் வழியில் ஹால்வார்துர்
தொண்டையைச் செருமினான்:
"பின் அச்சு கொஞ்சம்..."

ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.